இதமான ஊரில் பன்னிரண்டு மாதங்கள்

ஜூன் மாதம் கல்லூரி திறந்து இரண்டாவது வாரம். இரண்டாமாண்டு மாணவிகளுக்குக் குற்றாலக் குறவஞ்சி நடத்திக்கொண்டிருந்தேன். வெளியே சாரல் தொடங்கியிருந்தது. சன்னல் வழியே வந்த ஈரக்காற்று புத்தகத் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தது. குறத்தி மலைவளம் சொல்லும் பகுதியை முடித்த நிறைவில், "ஆண்டு முழுக்க இப்படி ஒரு ஊரில் வாழக் கொடுத்து வைத்திருக்கிறோம், இல்லையா?" என்று கேட்டேன். கடைசிப் பெஞ்சிலிருந்து பதில் வந்தது: "மேடம், சாரல் அடிச்சா எங்க வீட்டுல சண்டதான். தூள் நமுத்துப் போவும்லா."

வகுப்பில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பாதி சிரிக்கவில்லை. சிரிக்காதவர்கள் எல்லாம் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

தென்காசியைச் சுற்றி, பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம், முக்கூடல் என்று எந்தப் பக்கம் போனாலும் வாசற்படியில் மடியில் சொளவோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். இலையை நனைத்து, ஈரச்சாக்கில் பொதிந்து, தகட்டை வைத்து அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்குவார்கள். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. சாரல் நாட்களில் தூள் நமுக்கும், கட்டு காயாது, பூஞ்சணம் பூக்கும். கடையில் கழித்துப் போடுவார்கள். கழிவுக்குக் கூலி கிடையாது. வெயில் காலம் வந்தால் நிலைமை மாறுமா? தூள் காயும், ஆனால் மின்விசிறி போட முடியாது. போட்டால் தூள் பறக்கும், வெட்டிய இலை சுருண்டு உடையும். மே மாதத்து வெக்கையில், தகரக் கூரையின் கீழ், விசிறி தலைக்கு மேல் தொங்கியபடி இருக்க, அதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நான் கேட்ட கேள்வி ஒன்றும் புதிதல்ல. கனடாவில் இருக்கும் என் சித்தி மகள் ஒவ்வொரு ஜனவரியிலும் கேட்பதுதான் அது. "வருசம் பூரா வெயிலு, கதவத் திறந்து போட்டுட்டு இருக்கீங்க. குடுத்து வச்சவங்க நீங்க" என்பாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப நான்கு அடுக்கு உடுப்பு மாட்டுவதும், வாசல் பனியை வாரிப் போடுவதும், வீட்டைச் சூடாக்கும் பில்லைக் கட்டுவதும் அவளுக்கு ஐந்து மாதத்து வேலை. இங்கே ஏழைக்குக் குளிர் எமனாக வருவதில்லை. ஒரு பருத்திச் சேலையும் ஓலைப்பாயும் போதும். ஒன்பது பாகை அட்சரேகையில் இருக்கும் எங்கள் ஊரில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். இருட்டில் விழித்து இருட்டில் வீடு திரும்பும் சலிப்பு நமக்குத் தெரியாது. ஆனால் ஆண்டு முழுதும் பன்னிரண்டு மணிநேரப் பகல் என்றால் ஆண்டு முழுதும் பன்னிரண்டு மணிநேர வேலை என்றும் பொருள். ஓய்வுக்கென்று ஒரு பருவம் இந்த நிலத்தில் இல்லை. உழவருக்காவது அறுவடைக்குப் பின் கொஞ்சம் உண்டு. அடுப்புக்கும் பீடிச்சொளவுக்கும் அதுவும் இல்லை.

காற்று எங்களுக்கு ஒரு வாசல் வழியாக வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவு பக்கம் சற்றுத் தாழ்ந்து வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கைக் கேரளம் வாங்கிக்கொள்ள, மிச்சம் கணவாய் வழியே நழுவி வந்து செங்கோட்டையிலும் குற்றாலத்திலும் தென்காசியிலும் தூறலாக விழுகிறது. ஆனி, ஆடி, ஆவணி என்று மூன்று மாதம் சிற்றாறு பெருகிப் பேரருவியும் ஐந்தருவியும் கொட்டும். அதுதான் 'சீசன்'. கிழக்கே ஆலங்குளம் நோக்கிப் பேருந்தில் ஒரு மணி நேரம் போய்ப் பாருங்கள். அங்கே அதே காற்று ஈரமில்லாமல், புழுதியைக் கண்ணில் அள்ளிப் போட்டுக்கொண்டு வீசும். ஊட்டி, கொடைக்கானல் போல உயரத்தால் குளிர்ந்த ஊரல்ல குற்றாலம். அது அடிவார ஊர். காற்று நின்றால் குளிர்ச்சியும் நின்றுவிடும். பங்குனி, சித்திரையில் வந்து பாருங்கள், அருவிப்பாறையில் கால் வைக்க முடியாது. ஆக 'குற்றாலத்துக் குளிர்ச்சி' என்று உலகம் சொல்வது மூன்று மாதத்துச் சங்கதி. மீதி ஒன்பது மாதம் இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படியானால் இந்த ஊரை 'இதமான ஊர்' என்று எழுதி வைத்தது யார்?

ஒருவர் பெயரைத்தான் சொல்ல வேண்டுமென்றால் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரைச் சொல்லலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பாடிய குறவஞ்சிக்கு மதுரை முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் கொடுத்தார். அது குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது. குற்றாலம் என்றதும் தமிழ் படித்த எவருக்கும் நினைவில் எழும் மலை, அந்தக் குறத்தி வாய்வழி வந்த மலைதான். ஆனால் இருபது ஆண்டுகளாக அந்த நூலை நடத்தி வந்த எனக்கு, அந்த மாணவியின் பதிலுக்குப் பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. நூலில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். வசந்தவல்லி பந்தாடுகிறாள், இறைவன் உலா வரக் காண்கிறாள், காதல் கொள்கிறாள், அதன்பின் குளிர்ந்ததெல்லாம் அவளைச் சுடுகிறது. திங்களையும் தென்றலையும் மன்மதனையும் தலைவி நொந்துகொள்வது குறவஞ்சி நூல்களின் வழக்கம். பொதிகையில் பிறந்தது என்று நாம் கொண்டாடும் தென்றல், வீட்டைவிட்டு நகர முடியாதவளுக்கு நெருப்பாகிவிடுகிறது. மலையின் குளிர்ச்சியைச் சொல்பவளோ ஊர் ஊராக நடந்து குறி சொல்லிப் பிழைக்கும் சிங்கி. இருவருக்கும் மேல் வீசுவது ஒரே காற்றுதான்.

இதை வைத்துக்கொண்டு சிங்கியைச் சுதந்திரப் பெண்ணாக்கிவிட நான் அவசரப்படவில்லை. அவளைப் படைத்தவர் ஒரு கவிராயர். நடந்து பிழைத்த உண்மையான குறவர் பெண்களுக்கு வரலாறு என்ன கொடுத்தது என்பதை வேறு ஏட்டில் தேட வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டபோது பட்டியலில் ஏற்றப்பட்ட சமூகங்களில் குறவரும் உண்டு. ஊர் ஊராக நடப்பதே குற்றமாகிப் போனது. கவிதையில் மலைவளம் பாடிய கால்கள் காவல் நிலையத்தில் வருகை பதிய வேண்டி வந்தது.

கும்பினிக்காரர்களும் இந்த ஊரின் காற்றைக் கண்டுபிடித்தார்கள். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டை எல்லாம் குற்றால மலையடிவாரத்தில் நட்டுப் பார்த்தார்கள். திருநெல்வேலி, பாளையங்கோட்டை அதிகாரிகள் சீசனுக்கு வந்து பங்களாக்களில் தங்கி, காற்று மாறியதும் திரும்பினார்கள். வந்து திரும்பியவர்கள் என்பதுதான் முக்கியம். அவர்களுடைய மருத்துவம் வெப்ப நாட்டை ஒரு நோயாகவே பார்த்தது. 1809 முதல் 1811 வரை கோவை, மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளைச் சூறையாடிய காய்ச்சலைப் பற்றிக் கும்பினி மருத்துவர்கள் எழுதிய அறிக்கை 1816-இல் லண்டனில் அச்சானது. கொசு பற்றி யாருக்கும் தெரியாத காலம் அது. காற்றையும் நிலத்தையும்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டியதற்கும் காய்ச்சலும் சாவும்தான் காரணம். வெள்ளைக்காரப் பெண் இந்த வெயிலில் வாடிப்போவாள், அவள் பிள்ளைகள் ஆறேழு வயதுக்கு மேல் இங்கே வளரக்கூடாது என்பது அவர்களிடையே வேதவாக்கு. கப்பலேறிச் சீமைக்குப் போன பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பார்க்காமல் கிடந்த தாய்மார் கதைகள் ஏராளம்.

அதே காலத்தில் எலைசா கால்டுவெல் இருந்தார். நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் தம்பதியின் மகளாக வளர்ந்தவர், நல்ல தமிழ் பேசியவர். 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியின் தேரி மணலில், பனங்காட்டு வெயிலில், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, சரிகைப் பின்னல் கற்றுக்கொடுத்து வாழ்க்கையைக் கழித்தார். 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதியவரின் மனைவி என்றே அவரை நமக்குத் தெரியும். வெப்பநாட்டில் வெள்ளைப் பெண் வாழ முடியாது என்ற கோட்பாட்டுக்கு அவர் உடம்பே மறுப்பு என்று யாராவது எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து வந்தவர்கள் நம்மவர். ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள். கவிதையும் சாரலும் சாப்பாடுமாக நடந்த அந்த நாட்களைப் பற்றி நண்பர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த பக்கங்கள்தான் அவை. ஆனாலும் அந்த விருந்தோம்பலைப் படிக்கும்போதெல்லாம் ஆட்டுக்கல்லின் குழவி யார் கையில் இருந்தது என்ற கேள்வி என்னை விடுவதில்லை. ஈரவிறகு பற்றாத சாரல் நாளில், பந்திக்கு இட்லி அவித்தவளுக்கு அந்தக் காலை எப்படி இருந்திருக்கும்?

வெப்பநிலத்தைப் பற்றிய பேச்சு ஊரோடும் காற்றோடும் நின்றிருந்தால் தொல்லையில்லை. அது பெண்ணின் உடம்புக்குள் புகுந்துவிட்டது. 1748-இல் பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ 'சட்டங்களின் ஆன்மா' என்ற நூலை வெளியிட்டார். அரசியல் படிக்கும் பிள்ளைகள் அதிகாரப் பிரிவினைக்காக அவரை மனப்பாடம் செய்வார்கள். அதே நூலில், வெப்ப நாடுகளில் பெண்கள் எட்டு, ஒன்பது, பத்து வயதிலேயே மணத்துக்குத் தயாராகிவிடுகிறார்கள், இருபதில் கிழவியாகிவிடுகிறார்கள் என்று எழுதினார். அழகு இருக்கும்போது அறிவு இல்லை, அறிவு வரும்போது அழகு இல்லை, ஆகவே அங்கே பெண்கள் ஆண்களுக்கு அடங்கித்தான் இருக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் போட்ட கணக்கு. ஒரு நாள்கூட இந்த வெயிலில் நின்றிராத மனிதர், வெயிலையே பெண்ணடிமைக்குக் காரணமாக்கினார்.

இதை மறுக்க நூறாண்டு ஆனது. மான்செஸ்டர் மருத்துவர் ஜான் ராபர்ட்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பல நாடுகளிலிருந்து, இந்தியாவிலிருந்தும், பெண்கள் பூப்பெய்தும் வயதைத் திரட்டினார். தட்பவெப்பம் அந்த வயதை நிர்ணயிக்கவில்லை என்றார். குழந்தை மணம் சூரியன் செய்த வேலையல்ல, சமூகம் செய்தது என்பது அவர் முடிவு. அவர் சொன்னது நூல்நிலையத்தில் இருந்தது. மாண்டெஸ்கியூ சொன்னது பேச்சு வழக்கில் இருந்தது. 1890-ஐ ஒட்டிக் கல்கத்தாவில் ஃபுல்மணி தாசி என்ற பத்துப் பதினொரு வயதுச் சிறுமி, கணவன் வலிந்து கூடியதில் இறந்துபோனாள். அதன்பின்தான் 1891-இல் உடன்பாட்டு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கச் சட்டம் வந்தது. 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்கு ஆக்கியது. இந்த நாற்பது ஆண்டு விவாதங்களில் சாத்திரம் ஒரு கையிலும் தட்பவெப்பம் மறு கையிலுமாக எதிர்ப்பாளர்கள் வந்தார்கள். எங்கள் நாட்டு வெயிலில் பெண்பிள்ளைகள் சீக்கிரம் முதிர்கிறார்கள், சட்டம் போட்டு இயற்கையைத் தடுக்க முடியுமா என்று கேட்டார்கள். சென்னைச் சட்டசபையில் மணவயதை உயர்த்தப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி ஒரு மருத்துவர். சின்னஞ்சிறு உடம்புகள் பிள்ளைப்பேற்றில் படும் பாட்டைக் கையால் தொட்டுப் பார்த்தவர். வெயில் என்ன செய்யும், கல்யாணம் என்ன செய்யும் என்பதைப் பிரித்தறிய அவருக்குப் பிரெஞ்சு நூல் தேவைப்படவில்லை.

அந்தப் பேச்சு செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். "சூட்டு உடம்பு, சீக்கிரம் சமஞ்சிட்டா" என்று இன்றும் எங்கள் தெருவில் கேட்கலாம். முட்டை தராதே, பப்பாளி தராதே என்று தொடங்கி, மாப்பிள்ளை பார் என்று முடியும் பேச்சு அது.

உடம்பைப் பற்றிப் பேசினால் உடையைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் ஊருக்கு அடுத்த செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்திருந்தது. அந்தச் சீமையின் தென்கோடியில்தான் சாணார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1820கள் முதல் அடி வாங்கினார்கள், துணி கிழிக்கப்பட்டார்கள், வீடுகள் எரியக் கண்டார்கள். 1859 ஜூலை 26-ஆம் நாள் அரசாணை அவர்களுக்கு மேலாடை அணிய அனுமதித்தது, அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. இந்த வெயிலுக்கு மேலாடை எதற்கு என்று கேட்பது எவ்வளவு எளிது! அதே வெயிலில் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணையில் காற்று வாங்குபவருக்கு வெற்றுடம்பு ஒரு சுகம். துண்டு போட்டுக்கொள்ளவும் எடுக்கவும் அவருக்கு உரிமை இருந்தது. அவளுக்கு இரண்டும் இல்லை.

என் அப்பாவைப் பெற்ற ஆச்சி கடைசிவரை ரவிக்கை போடவில்லை. சேலை மாராப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முதுகு தெரிய, முற்றத்தில் உட்கார்ந்து வெத்தலை இடிப்பாள். கோடையில் எங்கள் வீட்டில் வேர்க்குரு வராத ஒரே பெண் அவள்தான். பட்டணத்து விருந்தாளிகள் வந்தால் அம்மா அவசரமாக ஆச்சி மேல் ஒரு துண்டைப் போடுவாள். ஆச்சி அதை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, "யாருக்குடி புழுங்குது, ஒனக்கா எனக்கா?" என்பாள். மேலாடைக்காக அடிபட்ட பெண்களின் போராட்டத்தை வகுப்பில் நடத்தும்போது என் குரல் கம்மும். சித்திரை வெயிலில் உள்பாடி, ரவிக்கை, உள்பாவாடை, ஆறு கஜம் சேலை, அதன்மேல் ஊக்கு குத்திய மடிப்பு என்று கல்லூரிக்குக் கிளம்பும்போது ஆச்சியை நினைத்துக்கொள்வேன். இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட எனக்கு விருப்பமில்லை. மானம் என்று போராடி வாங்கிய துணி, பின்னால் வந்தவளுக்குக் கட்டாயமாகிவிட்டது. ஆண் ஆசிரியர் ஒருவர் அரைக்கைச் சட்டையில் வருவதை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

வீடும் ஒரு உடைதான். பழைய வீடுகளில் ஓட்டுக்கூரை, முற்றம், திண்ணை எல்லாம் இந்தக் காற்றுக்காகவே கட்டப்பட்டவை என்று கட்டடக்கலைக்காரர்கள் பாராட்டுகிறார்கள். உண்மைதான். ஆனால் காற்று வரும் திண்ணையும் பட்டாசலும் ஆண்களுக்கு. புகைபோக்கி சரியில்லாத அடுப்பங்கரை பின்கட்டில். கோடை இரவில் ஆண்கள் தெருவில் கட்டிலைப் போட்டும் தட்டட்டியில் பாய் விரித்தும் தூங்குவார்கள். வயதுப்பெண்கள் உள்ளே, சன்னலையும் சாத்திக்கொண்டு கிடப்பார்கள். வானத்தைப் பார்த்துப் படுத்துத் தூங்கியது எனக்குப் பத்து வயதோடு முடிந்தது. இப்போது காங்கிரீட் வீடு வந்துவிட்டது. பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கும். எல்லா அறையிலும் மின்விசிறி சுற்றும், அடுப்பங்கரையில் மட்டும் சுற்றாது. சுற்றினால் கேஸ் அடுப்பின் தீ அலையும், அணையும். பீடிச்சொளவும் அடுப்பும், விசிறி போட முடியாத இரண்டு வேலைகளும், ஒரே பெண்ணுக்கு வாய்த்திருக்கின்றன. ஏசி வாங்கிய வீடுகளிலும் அது படுக்கையறைக்குத்தான். சப்பாத்தி தேய்ப்பவளுக்கு அல்ல.

சாரலுக்குத் திரும்புகிறேன், அதுதானே எங்கள் பெருமை. பத்து நாள் விடாமல் தூறினால் துணி காயாது. சீருடைகளை அடுப்புக்கு மேல் கொடி கட்டிப் புகையில் காயவைத்த காலம் நினைவிருக்கிறது. மாதவிலக்குத் துணியை வெயிலில் போடவே விடாத வீடுகளில், பாவாடைக்கு அடியில் மறைத்துப் போட்ட துணி அந்த நாட்களில் எப்படிக் காயும்? ஈரத்தோடு கட்டிக்கொண்டு தொடையிடுக்குப் புண்ணாகி நடந்த பெண்கள் இதை எந்தச் சாரல் கவிதையிலும் பார்க்கவில்லை. நானும் எழுதியதில்லை. என் முதல் தொகுப்பில் சாரலைப் பற்றி நான்கு கவிதைகள் உண்டு. ஒன்றில்கூடக் கொடியில் துணி இல்லை.

அருவியில் குளிப்பது? அது சுகம்தான், மறைக்கமாட்டேன். தலையில் அத்தனை கனத்தோடு தண்ணீர் விழும்போது வீடு, கல்லூரி, மாமியார் எல்லாம் கரைந்து போகும். பேரருவியில் பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு. பாதுகாப்பு என்ற அளவில் அது வேண்டியதுதான். ஆனால் ஈரச் சேலையோ சுடிதாரோ உடம்போடு ஒட்ட, ஒரு கையால் துணியையும் மறு கையால் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு குளிக்கும் பெண்ணையும், இடுப்புத் துண்டோடு பாறையில் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் ஆணையும் பார்த்தால், ஒரே அருவிக்கு இருவரும் வந்ததாகத் தோன்றாது. நள்ளிரவில் கூட்டமில்லாத அருவியில் குளிப்பதுதான் உண்மையான குற்றாலம் என்று ஆண் நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு அது கேள்வி ஞானம். இதெல்லாம் பார்க்க வருபவர்கள் கதை. சீசனில் பழக்கூடை வைத்திருப்பவளும், கூட்டம் போனபின் ஈரப்பாதையைப் பெருக்குபவளும் அருவிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறார்கள்.

மழையும் காற்றும் முன்போல் கணக்கில் இல்லை. 2023 டிசம்பர் நடுவில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. 2024 மே மாதம், சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையனை அடித்துச் சென்றது. 2012-இல் கடையநல்லூர், தென்காசிப் பக்கம் டெங்கு பரவியபோது வீட்டில் நீர் சேர்த்து வைக்காதீர்கள் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். குழாயில் நாள்விட்டு நாள் தண்ணீர் வரும் தெருவில் குடத்தையும் டிரம்மையும் எங்கே கவிழ்ப்பது என்று கேட்ட பெண்களுக்குப் பதிலில்லை. கொசுவை வளர்த்த குற்றமும் அவர்கள் தலையில், காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைப்பதும் அவர்கள் கையில்.

வெப்பம் பெண்ணுடம்பில் உண்மையில் என்ன செய்கிறது என்பதை யாராவது அளந்தார்களா? மாண்டெஸ்கியூவுக்குப் பின் இரண்டரை நூற்றாண்டு கழித்து அளந்தார்கள். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் 2017-இல் தொடங்கித் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வெக்கையான இடங்களில் வேலை செய்தவர்கள். மற்றவர்கள் பள்ளி, மருத்துவமனை போன்ற குளிர்ந்த இடங்களில் இருந்தவர்கள். 2024-இல் வெளிவந்த முடிவின்படி வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையவும் குழந்தை இறந்து பிறக்கவும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரு சாராரும் வெப்பமண்டலத்துப் பெண்கள்தான், ஒரே மாநிலத்தவர்தான். வேலை செய்த இடம் மட்டுமே வேறு.

அதே 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. நல்ல முடிவு. ஆனால் சாலையில் விழுபவர் கண்ணில் படுவார். தகரக் கூரைக்குள் சொளவோடு சாய்ந்துவிடுபவளை 'மயக்கம், ரத்தக் கொதிப்பு' என்று எழுதிவிடுவார்கள். அவள் வேலை செய்துகொண்டிருந்தாள் என்று சொல்ல ஒரு வேலையிடம்கூட அவளுக்கு இல்லை, வீட்டில்தானே இருந்தாள்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது. முல்லைக்குக் கார், பாலைக்கு வேனில் என்று பொருத்தி வைத்தது. கார் வந்தால் தலைவன் வர வேண்டும், வேனில் வந்தால் பிரிந்து போவான். பருவம் தலைவிக்கு எப்போதும் காத்திருப்பின் கணக்கு. அவள் அந்தப் பருவத்தில் என்ன வேலை செய்தாள் என்பது திணையில் பெரும்பாலும் பின்னணி. தினைப்புனம் காத்தாள், மோர் விற்றாள், உப்பு விற்றாள் என்று ஓரத்தில் வரும்.

அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு நான் ஒரு சிறு வேலை செய்தேன். பெரும்பொழுது பாடம் முடிந்ததும் மாணவிகளிடம் ஒரு ஒப்படைப்புக் கேட்டேன். வீட்டில் இருக்கும் மூத்த பெண் ஒருவரிடம் உட்கார்ந்து, தையிலிருந்து மார்கழி வரை பன்னிரண்டு மாதமும் அவருக்கு எப்படிப் போகிறது என்று கேட்டு எழுதி வாருங்கள். இதமா, இல்லையா என்று கேட்காதீர்கள், என்ன செய்வார்கள் என்று மட்டும் கேளுங்கள். தாள்கள் வந்தன. மாசி: வத்தல் போடுவது, புளி உடைப்பது. பங்குனி, சித்திரை: தண்ணீருக்கு விடியற்காலை மூன்று மணிக்கு எழுவது. வைகாசி: பள்ளிக்கூடக் கட்டணத்துக்குக் கூடுதல் பீடி. ஆனி: பயலுக்குச் சளி. ஆடி: காற்று, கூரைத் தகரத்தில் கல் தூக்கி வைப்பது. ஐப்பசி: தீபாவளிச் சீட்டு, மழை, ஒழுகல். ஒருத்தியின் பாட்டி மார்கழியை மட்டும் நீளமாகச் சொல்லியிருந்தாள்: விடியலில் கோலம் போடும் அந்த அரைமணி நேரம், தெருவே தன்னுடையதாக இருக்கும், பனி காலில் ஏறும், யாரும் கூப்பிடமாட்டார்கள்.

கடைசிப் பெஞ்சு மாணவியின் தாள் இரண்டு நாள் தாமதமாக வந்தது. அம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள். தை மாதம்தான் தனக்குப் பிடிக்கும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். தூளும் நமுக்காது, வெக்கையும் இல்லை, விசிறி இல்லாமல் உட்காரலாம், ராத்திரி பதினொன்றுக்கும் கண் எரியாது, தையில் ஆயிரம் பீடி சுலபம். ஆனி, ஆடி, ஆவணிக்கு நேராக ஒரே வரி: "சீசன். ரோட்டுல கார் போகும்." குற்றாலத்திலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர். அருவிக்குப் போனீர்களா என்று மகள் கேட்டிருக்கிறாள். கல்யாணமான வருடம் ஒரு தடவை, பிறகு இவளுக்கு மொட்டை போட்ட அன்று ஒரு தடவை. இரண்டாவது தடவை தண்ணீர் இல்லை, அது பங்குனி மாதம்.